பேய் வந்ததா, வந்தாளா?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் 12 பேருக்கு மாலை வகுப்பு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்த கூட்டம். ஆங்கிலத்தில் பார்த்த பேய்க்கதை விளையாட்டு ஒன்றை, கதைக்கு நடுவே கோடு விட்டுப் பிள்ளைகளின் சொற்களால் நிரப்பும் விளையாட்டை, தமிழாக்கி நடத்தினீர்கள். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் “மரம் உள்ளே நுழைந்தேன்”, “பேய் சிரித்தாள்” என்று வாக்கியங்கள் கோணலாகவே வருகின்றன. போதாக்குறைக்கு ஒரு தாய் வந்து, பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதனால் இலக்கணம் வருமா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, வாக்கியம் கோணுவது பிள்ளைகளின் குறையா, விளையாட்டின் குறையா என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுமே இல்லை. கோணுகிற அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. விளையாட்டை விட வேண்டாம். கோட்டை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள்.

நான் கூடலூரிலும் பிறகு குன்னூர்ப் பக்கத்திலும் 26 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். பேய்க்கதையை வைத்து இலக்கணம் நடத்தியது அதில் கடைசிப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் விளையாட்டின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு அங்கிருந்தே தொடங்குகிறது. நீங்கள் பார்த்தது, அமெரிக்காவில் ரோஜர் பிரைஸ், லெனர்ட் ஸ்டெர்ன் என்ற இருவர் 1953இல் யோசித்து 1958இல் புத்தகமாகக் கொண்டுவந்த ‘மேட் லிப்ஸ்’ வகை. அதில் கதையை மறைத்து வைத்துக்கொண்டு, “ஒரு பெயர்ச்சொல் சொல்லு, ஒரு வினைச்சொல் சொல்லு” என்று முன்கூட்டியே சொற்களை வாங்கி, கோட்டில் போட்டு வாசிப்பார்கள். அதே 1953இல்தான் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், ஒரு பத்தி வாசிக்க எவ்வளவு எளிது என்று அளப்பதற்காக, நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு வாசகரை நிரப்பச் சொல்லும் முறையை முன்வைத்தார். நம் தேர்வுத் தாளில் வரும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. ஒன்றில் கதை தெரியாது, எந்தச் சொல்லும் பொருந்தும். மற்றதில் கதை கண்முன் இருக்கும், சரியான விடை ஒன்றுதான். முதலாவதில் குதூகலம் அதிகம், இரண்டாவதில் கவனம் அதிகம். தமிழுக்கு இரண்டையும் கலந்துதான் ஆக வேண்டும்.

ஏன் என்றால், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் உருமாறாமல் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘ட்ரீ’ எங்கே போனாலும் ‘ட்ரீ’தான். நம் சொல் அப்படியில்லை. ‘மரம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், கதைக்குள் போகும்போது அது மரத்தை, மரத்தால், மரத்துக்குள் என்று உடம்பையே மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலக் கதையை வரிக்கு வரி தமிழாக்கினால் கோடு சொல்லுக்கு விடப்படும். தமிழில் வேலை நடப்பதோ சொல்லும் உருபும் சேரும் மூட்டில். அந்த மூட்டில்தான் கோடு இருக்க வேண்டும்.

நான் செய்தது இது. சொல்லை மூல வடிவில் சீட்டில் எழுதிப் பழைய பிஸ்கட் டின்னில் போடச் சொல்வேன். கதையில் “நான் மெல்ல அந்த ______ தொட்டேன்” என்று இருக்கும். வாசிக்கும் பிள்ளை சீட்டை எடுத்து, அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லை மாற்றி வாசிக்க வேண்டும். சீட்டில் ‘எலும்பு’ வந்தால் எலும்பைத் தொட்டேன். ‘வீடு’ வந்தால் வீட்டைத் தொட்டேன். ‘நகம்’ வந்தால் நகத்தைத் தொட்டேன். ‘கயிறு’ வந்தால் கயிற்றைத் தொட்டேன். நாலைந்து நாள் ஆனதும் ஒரு பிள்ளை கேட்டே தீரும்: “வீடு மட்டும் வீட்டைன்னு ஆகுது, நண்டு ஏன் நண்ட்டைன்னு ஆகல?” அந்தக் கேள்வி வந்த நாளில்தான் நான் கரும்பலகையைத் தொடுவேன். நெடிலுக்குப் பின்னும் (வீடு), உயிர்த்தொடரிலும், அதாவது ‘கயிறு’ போல முன் எழுத்து உயிரோசையில் முடியும் சொல்லிலும், வருகிற டு, று மட்டும் இரட்டிக்கும், மெல்லினத்துக்குப் பின் வருவது இரட்டிக்காது என்று நன்னூல் சொல்லும் விதியை அவர்களே முக்கால்வாசி கண்டுபிடித்திருப்பார்கள். நான் சொல்வது அதற்கு ஒரு பெயர்தான்.

என் வகுப்பில் அதிகம் சிரிப்பு வாங்கியது ‘மண்டை ஓடு’ என்ற சீட்டு. ஒரு பையன் “மண்டை ஓட்டை பார்த்தேன்” என்று எழுதினான். பக்கத்திலிருந்தவள், “மண்டையில ஓட்டையா? யாருக்கு?” என்றாள். வகுப்பே உருண்டது. ஒரு ‘ப்’ சேர்த்து “மண்டை ஓட்டைப் பார்த்தேன்” என்று எழுதினால் அது கபாலம். சேர்க்காவிட்டால் தலையில் துளை. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று நூறு தடவை சொல்லியும் நிற்காத விதி, அன்றைக்கு அந்த ஒரு புள்ளி வைத்த எழுத்தால் நின்றது. அதே கதையில் “பேயோடு பேசினேன்” வரும்போது, இங்கே ஏன் ‘ப்’ வரவில்லை என்று அவர்களே திரும்பிக் கேட்டார்கள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் ஒரே கதைக்குள் அடுத்தடுத்து வையுங்கள்.

இனி நீங்கள் எழுதிய “பேய் சிரித்தாள்”. இதைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. பேய்க்கதைதான் வேண்டும், காக்கா நரிக் கதை போதாது என்று நான் சொல்வதற்கே இந்த வாக்கியம்தான் காரணம். பேய் என்ற சொல் அஃறிணை முடிபு கொள்ளும். பேய் வந்தது, பேய் சிரித்தது. மோகினி என்றால் வந்தாள். முனி என்றால் மலையில் பலரும் வந்தார் என்பார்கள், அது பயத்தால் வரும் மரியாதை. பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள். ஆக, நமக்குத் தெரிந்த உருப்படிகளிலேயே திணையும் பாலும் இப்படி ஊசலாடுவது பேய்க்கதையில்தான். காக்காவுக்கும் நரிக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

இந்தச் சிக்கல் நம் இலக்கண ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும் விஷயம். இருட்டில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா தெரியவில்லை. அப்போது எப்படிப் பேசுவது என்று தொல்காப்பியம் விதி வகுக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணமே, கட்டையோ ஆளோ அங்கே தோன்றும் உருவம் என்பதுதான். திணையில் ஐயம் வந்தால் உருவம் என்ற பொருளில் பொதுச்சொல் போடு. மனிதன்தான், ஆணா பெண்ணா என்பதில் மட்டும் ஐயம் என்றால் பன்மையில் சொல். நம் பிள்ளைகள் மூடுபனியில் ஸ்கூல் விட்டு வரும்போது தினமும் பார்க்கும் காட்சி அது. பத்தடிக்கு அப்பால் நிற்பது சில்வர் ஓக் மரமா, சாக்குப் போர்த்திய ஆளா, காட்டு மாடா என்று தெரியாது. “ஏதோ ஒரு உருவம் நிக்குது” என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஒரு பழைய சூத்திரம் பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது என்று காட்டும் வாய்ப்பை ஏன் விட வேண்டும்?

அதனால் இந்த இடத்தில் வினையின் வாலை வெட்டிவிட்டுக் கோடு போடுங்கள்: “வாசலில் ஓர் உருவம் நின்ற__. அ__ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட__.” முதல் கோட்டில் ‘து’ தவிர வேறு வராது, ஏனென்றால் உருவம் அஃறிணை. இரண்டாவது வாக்கியத்தில் பிள்ளை முடிவெடுக்கலாம்: அது கூப்பிட்டது, அவன் கூப்பிட்டான், அவள் கூப்பிட்டாள், அவர் கூப்பிட்டார். ஆனால் ஒன்றைத் தேர்ந்தால் கதை முடியும்வரை அதிலேயே நிற்க வேண்டும். ‘அவள்’ என்று தொடங்கிவிட்டு ‘கூப்பிட்டது’ என்று முடித்தால் சீட்டு திரும்பி டின்னுக்குப் போகும். ஏன் அதைத் தேர்ந்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘அவர் கூப்பிட்டார்’ என்று எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன், “எங்க தாத்தா செத்து மூணு மாசந்தான் ஆகுது. அவர அதுன்னு சொல்ல முடியாது” என்றான். வகுப்பு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து பேய்க்கதை தொடங்கும் முன், அண்மையில் யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்துக்கொள்ளாமல் நான் தொடங்கியதில்லை.

கூடலூரில் இருந்தபோது கண்ட இன்னொன்றும் உங்களுக்கு உதவும். அங்கே வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் அதிகம். மலையாள வினையில் திணை, பால், எண் எதுவும் ஒட்டுவதில்லை. அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு, எல்லாம் ஒன்றே. அந்தப் பிள்ளை தமிழில் “அவள் வந்தது” என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் பழக்கம். அவர்களுக்கு வினை வாலை மட்டும் கோடாக விட்ட கதைகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கொடுத்தேன். உங்கள் வகுப்பில் படகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் இருந்தால், அதே வாக்கியத்தை வீட்டு மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். எது ஒத்துப்போகிறது, எது மாறுகிறது என்று அவர்களே காட்டுவார்கள். அந்த நேரத்துக்கு அந்தப் பிள்ளைதான் வாத்தியார்.

பேய்க்கதை தானாகவே கொண்டுவரும் இலக்கணம் இன்னும் உண்டு. பயம் என்பது பெரும்பாலும் இல்லாமையில்தான் இருக்கிறது: கண் இல்லாத முகம், மூடாத கதவு, அணையாத விளக்கு. இவை எதிர்மறைப் பெயரெச்சங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘த’வை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: அணையா விளக்கு, உறங்காப் பேய், திறவாக் கதவு. “சார், இதுதான் இன்னும் பயமா இருக்கு” என்பார்கள். அதுதான் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தேர்வில் பெயரைக் கேட்டே பேனாவைக் கீழே வைத்த பிள்ளைகள் இதைத் தாமே பத்துப் பதினைந்து உண்டாக்கிக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். சத்தங்களும் அப்படித்தான். தகரக் கூரையில் மழை சடசடவென்று விழும், சருகு சரசரக்கும். ‘சட’ என்று தனியே பிரித்தால் பொருள் இல்லை, அதனால் இரட்டைக் கிளவி. அந்தச் சத்தம் கேட்டு ஒருவன் “பேய், பேய், பேய்!” என்று கத்தினால் அது அடுக்குத்தொடர், ஒவ்வொன்றும் தனியே நின்றாலும் பொருள் தரும். அச்சத்தில் சொல் அடுக்கி வரும் என்பதும், இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்பதும் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஐந்தாவது தடவை கத்தினால் இலக்கணப்படி தப்பு என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் பிடித்துவிடுவார்கள்.

இவ்வளவும் நான் கண்ணால் கண்டது. ஆனால் இதனால் பிள்ளை நன்றாகக் கட்டுரை எழுதும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கோட்டில் ‘வீட்டைத்’ என்று சரியாக எழுதிய பிள்ளை, மறுநாள் கட்டுரையில் ‘வீடை’ என்று எழுதியதும் உண்டு. ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கணத்தைத் தனியே பிரித்துக் கற்பிப்பது பிள்ளைகளின் எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை என்றும், சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியம் ஆக்கும் பயிற்சி நல்ல பலன் தந்தது என்றும் கண்டார்கள். அது ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பற்றியது, நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அப்படியே தமிழுக்குப் பெயர்த்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் என் அனுபவமும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஆகவே கோடு நிரப்பியதோடு நிறுத்தாதீர்கள். “கதவு திறந்தது. காற்று வந்தது. விளக்கு அணைந்தது” என்ற மூன்றையும் ஒரே வாக்கியமாக ஆக்கச் சொல்லுங்கள். “கதவு திறந்ததும் காற்று வந்து விளக்கை அணைத்தது” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அங்கே வினையெச்சமும் வேற்றுமையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கடைசிப் பத்து நிமிடம், கோடே இல்லாமல் தன் கதையின் அடுத்த நாலு வரியை எழுதட்டும். பலன் தெரிந்தது என்றால் அந்த நாலு வரியில்தான் தெரிந்தது.

எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு இந்த விளையாட்டு எழுத்தறிவைத் தராது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவனைச் சத்தம் கொடுப்பவனாகவோ, சொல் சொல்பவனாகவோ சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்துப் பயிற்சி தனியே நடக்கட்டும். இன்னொரு சங்கடம் பேச்சு வழக்கு. கதை சொல்லும்போது “வந்துச்சு, பாத்துச்சு” என்று சொன்னால்தான் பயம் வரும். எழுதும்போது வந்தது, பார்த்தது. நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்: சொல்வது பேச்சில், கோட்டில் நிரப்புவது எழுத்துத் தமிழில். ஒன்றைத் தப்பு என்று சொல்லி மற்றதைத் திணிக்கவில்லை.

இப்போது அந்தத் தாயின் புகார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, போய்ப் பேசுங்கள். ஏழு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் பேய்க்கதை வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. வகுப்பில் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் சின்னதுகளையும் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு நடக்கும் பாதை, அவர்கள் பயன்படுத்தும் கழிப்பறை, தண்ணீர் பிடிக்கும் இடம், இவற்றின் பெயர் கதையில் வரக்கூடாது. கதைப் பங்களா எங்கோ இருக்கட்டும். இருட்டும் முன் முடித்துவிடுங்கள். கரடியையும் சிறுத்தையையும் காட்டு மாட்டையும் பேயாக்காதீர்கள். நம் பக்கத்தில் அவை தேயிலைக்குள் நிஜமாகவே நிற்கின்றன. அவற்றிடம் பிள்ளைக்கு இருக்க வேண்டியது எச்சரிக்கை, கதைப் பயம் அதைக் குழப்பிவிடும். அதைவிட முக்கியமாக, மந்திரக்காரன், சூனியக்காரன் என்ற இடத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் வர விடாதீர்கள். இந்த மலையில் குறும்பர்கள் என்ற பழங்குடியினர் சூனியம் வைப்பவர்கள் என்ற பழியால் 19ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சின் மிச்சம் இன்னும் சில பெரியவர்கள் வாயில் இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். போட்டால் சீட்டை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கு இலக்கணத்தை நிறுத்தி அதைப் பற்றிப் பேசுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தூங்கவில்லை என்றால் அது உங்களாலோ என்னாலோ தீரும் காரியம் அல்ல, குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு கதை தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள். “மணி ஆறு. மூடுபனி இறங்கிவிட்டது. மேட்டில் ஒரு பழைய பங்களா. அதன் ______ கதவு தானாகத் திறந்த__. உள்ளே ஒரு ______ தொங்கியது. நான் மெல்ல அந்த ______ தொட்டேன். பின்னால் ______ என்று சத்தம் கேட்டது. வாசலில் ஓர் உருவம் நின்ற__. அ__ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட__. நான் ______, ______, ______ என்று கத்தினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த உருவம் ______க்கு மட்டும் பயப்படும் என்று.” தொங்கிய பொருளையே அடுத்த வரியில் தொட வேண்டும், உருபோடு. மூன்று முறை கத்தும் இடத்தில் ஒரே சொல்தான்.

கடைசிக் கோட்டை யார் நிரப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அன்று அதிகம் பயந்த பிள்ளையிடம் கொடுங்கள். தூங்காத அந்தப் பிள்ளை மறுபடி வந்தால் அவளிடமே கொடுங்கள். அந்தக் கோட்டில் என் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் நினைவிருப்பவை: பாட்டியின் இருமலுக்கு, குக்கர் விசிலுக்கு, அம்மா கொழுந்துக்கூடையோடு வீடு திரும்பும் செருப்புச் சத்தத்துக்கு. “சத்தத்துக்கா, சத்தத்திற்கா?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இரண்டும் சரிதான் என்றேன்.